செக்ரோலில் ஏறாத வேலை



சில தோட்டங்களில் பிரட்டுக்களத்து அறிவித்தல் பலகையில் மறுபடியும் அந்தக் கடதாசி ஒட்டப்பட்டிருக்கிறது. லயங்களுக்கு முன்னாலும் பின்னாலும் அனுமதியில்லாமல் கட்டியவற்றை அகற்ற வேண்டுமாம். புதிதாக ஒரு கல்லும் வைக்கக் கூடாதாம். மீறினால் பொலிஸ், வழக்கு. கீழே தோட்ட அதிகாரியின் கையெழுத்து.

"சட்டவிரோதக் கட்டடம்" என்று அதில் எழுதியிருப்பது எது? நம்மில் யாரும் மாடி வீடு கட்டவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, அதற்கு முன்னால் ஓர் இஸ்தோப்பு. பலருக்கு அந்த இஸ்தோப்பேதான் குசினி. அதற்குள் தாய், தகப்பன், பாட்டி, மூன்று பிள்ளைகள். பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும் வரை எப்படியோ சமாளிக்கிறோம். மகள் வயதுக்கு வந்துவிட்டால் உடை மாற்ற ஒரு மறைப்பு வேண்டும். மகன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்க ஒரு மேசை போட இடம் வேண்டும். மலையில் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்த பாட்டிக்கு ஒரு கட்டில் போட வேண்டும். மூத்தவனுக்குக் கலியாணம் ஆனால் வரும் மருமகளை எங்கே படுக்கச் சொல்வது? இதற்கெல்லாம் வேறு வழி தெரியாமல்தான் லயத்துக்குப் பின்னால் பத்தடியில் ஒரு சுவர் எழும்புகிறது. அதைத்தான் நிர்வாகம் சட்டவிரோதம் என்கிறது.

அந்தக் காம்பராவைப் பற்றிப் பேச நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. களவு செய்தவர்களைப் போலத் தலை குனிந்து அலுவலக வாசலில் நிற்கவும் தேவையில்லை. நாம் சொல்ல வருவது ஒன்றுதான். நாம் கட்டியது நம்முடையது என்று எழுத்தில் வரவேண்டும். அது வரும்வரை அதன் ஒரு கல்லிலும் யாரும் கைவைக்க இடம் கொடுக்கக் கூடாது.

எப்போது கட்டுகிறோம், எந்தக் காசில் கட்டுகிறோம்?

முதலில் கணக்கைப் பார்ப்போம். நம்மைக் கணக்குத் தெரியாதவர்கள் என்று நினைப்பவர்களுக்கும் இது தெரியட்டும்.

பத்தடிக்குப் பத்தடியில் ஒரு காம்பரா. ஒரு பக்கம் லயத்துச் சுவர் இருக்கிறது. மற்ற மூன்று பக்கமும் எட்டடி உயரத்துக்குச் சுவர் எழுப்ப, கதவுக்கும் யன்னலுக்கும் விட்ட இடம் போக, 250 புளொக் கல் அளவில் வேண்டும். அத்திவாரம், கட்டு, தரை, பூச்சு எல்லாவற்றுக்கும் சேர்த்து இருபது மூடை சீமெந்துக்குக் குறையாது. கூரைக்குத் தகரம், மரம், ஆணி. ஒரு கதவு, ஒரு யன்னல். மணலும் சல்லியும் தனி.

2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒரு முழுப்பேர் போட்டாலும் அதில் ஒரு மூடை சீமெந்து வாங்க முடியாது. அப்படியென்றால் இருபது மூடைக்கு ஒரு மாதப் பேர் முழுதும் போய்விடும். அரிசி, மா, மண்ணெண்ணெய், பிள்ளைகளின் பஸ் காசு எல்லாவற்றையும் மறந்துவிட்டு வேலை செய்தால்தான் அந்த சீமெந்து வீடு வந்து சேரும். மேசன் பாஸின் ஒரு நாள் கூலிக்கு நமது இரண்டு பேர் போதாது. அதனால்தான் பாஸைச் சுவருக்கும் கூரைக்கும் மட்டும் கூப்பிட்டுவிட்டு, மண் வெட்டுவதையும் கல் சுமப்பதையும் கலவை போடுவதையும் நாமே செய்கிறோம்.

காசு எங்கிருந்து வருகிறது? தீபாவளி முற்பணத்தில் கொஞ்சம். சீட்டு எடுத்தால் கொஞ்சம். காதில் கிடந்த தோடு அடகுக்குப் போகும். கொழும்பில் கடையில் நிற்கும் மகன் அனுப்புவான். வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் மகள் அனுப்புவாள். அதுவும் போதாவிட்டால் வாரா வாரம் வாசலுக்கு வரும் நுண்கடன்காரர். ஆகவே ஒரே மூச்சில் யாரும் கட்டுவதில்லை. இந்த வருடம் அத்திவாரம், அடுத்த வருடம் சுவர், அதற்கடுத்த வருடம் தகரம். இடையில் ஒரு சாவு வந்தால் அந்தச் சுவர் இடுப்பளவோடு நின்றுவிடும். மழை பெய்து பாசி பிடித்த அரைச் சுவர்கள் எத்தனை லயங்களுக்குப் பின்னால் நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவை ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கு.

நேரம்? காலையில் பிரட்டு. பதினெட்டு, இருபது என்று தோட்டம் கேட்கிற கிலோவை எடுத்துக் கடைசி நிறுவை முடிந்து வீடு வர மாலை ஐந்து மணியாகும். அதன்பிறகு ஆறரை ஏழு மணிக்கு இருட்டும் வரைதான் வெளிச்சம். பிறகு ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். இவ்வளவுதான் நமக்குக் கிடைக்கிற நேரம்.

சுமையையும் ஒரு தடவை நிறுத்துப் பார்ப்போம். லொறி பெரிய ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து லயம் வரை படியிலும் ஒற்றையடிப் பாதையிலும் தலைச்சுமைதான். ஒரு கல் பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். 250 கல் என்றால் இரண்டரைத் தொன்னுக்கு மேல். சீமெந்து ஒரு தொன். மணல் இன்னும் எவ்வளவோ. கல்லை மட்டும் எடுத்தாலும், நாளுக்குப் பதினெட்டுக் கிலோ என்று ஒரு பெண் நான்கரை மாதத்துக்கு மேல் பறிக்கும் கொழுந்தின் எடை அது. கொழுந்தை நிறுக்கத் தராசு இருக்கிறது. ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேர் போடக் கணக்கப்பிள்ளை இருக்கிறார். இந்தச் சுமையை எந்தத் தராசு நிறுத்தது? இந்த வேலைக்கு எந்தச் செக்ரோலில் பேர் விழுந்தது?

தொழிலாளிக்குக் குடியிருக்கத் தகுந்த இடம் கொடுப்பது தோட்டத்தின் பொறுப்பு. அந்தப் பொறுப்பைத் தோட்டம் செய்யாமல் விட்டதால், நாமே நமது ஓய்வையும் காசையும் உடம்பையும் போட்டுச் செய்திருக்கிறோம். நியாயமாகப் பார்த்தால் நிர்வாகம் நமக்குக் கடன்பட்டிருக்கிறது. கடன்பட்டவர் நம் மேல் வழக்குப் போடுவேன் என்கிறார்!

மண் யாருடையது?

"இது தோட்டத்துக் காணி" என்பதுதான் அவர்களுடைய முதல் வாதம். நல்லது, பேசுவோம்.

1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. அன்று தோட்டத்துக் காணி கைமாறியபோது, அந்தக் காணியை உண்டாக்கிய நமக்கு ஒரு பேர்ச் கூட எழுதிக் கொடுக்கப்படவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கி வைத்திருந்தது. நாடே இல்லை என்று சொல்லப்பட்டவனுக்குக் காணி எங்கே? பிறகு 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போனது. அவற்றுக்குக் கிடைத்தது 53 வருடக் குத்தகை. 2045இல் அது முடியும். ஆக, மண் அரசாங்கத்துடையது. அதாவது நாட்டு மக்களுடையது. கம்பனியும் இந்த மண்ணில் குத்தகைக்காரர்தான். ஐந்து தலைமுறையாக இருக்கிற குடியிருப்பாளரைப் பார்த்து, 1992இல் வந்த குத்தகைக்காரர் "யாரைக் கேட்டுக் கட்டினாய்?" என்கிறார்.

இரண்டாவது வாதம், தேயிலைக் காணி வீணாகிறதாம். லயத்துக் கோடியில் பத்தடி நிலத்தில் தேயிலைச் செடியா நின்றது? வாழையும் கோழிக்கூடும் நின்ற இடம் அது. மறுபக்கம், கவ்வாத்தும் இல்லாமல், புல்லும் வெட்டாமல் காடாகிப்போன மலைகள் ஒவ்வொரு டிவிசனிலும் எத்தனை? அந்தக் காடுகளிலிருந்து அட்டையும் சிறுத்தையும் வருகிறதென்று நாம் சொன்னால் கேட்க ஆளில்லை. பழைய துரை பங்களாக்கள் உல்லாசப் பயணிகளுக்கு விடுதிகளாக மாறியபோதும் தேயிலைக் காணி பற்றி யாரும் கவலைப்படவில்லை. நமது பத்தடியில்தான் தேயிலைத் தொழில் அழிகிறதாம்.

மூன்றாவது, "அனுமதி கேட்டிருக்கலாமே" என்கிறார்கள். கேட்கவில்லையா? நமது பிராந்தியத்தில் ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு தாய் அலுவலகத்துக்குப் போனார். "ஐயா, புள்ள வயசுக்கு வந்திருச்சி. ஒரே காம்பராவுல ஆறு பேரு படுக்கிறோம். பின்னால ஒரு ரூம் போட்டுக்கிறேனுங்க" என்று கேட்டார். "பார்த்துச் சொல்றேன்" என்று பதில் வந்தது. எழுத்தில் கொடுத்த கடிதத்துக்குப் பதிலே இல்லை. மூன்று தடவை அலைந்தார். அலைந்த ஒவ்வொரு தடவையும் பேர் போனது. கடைசியில் சுவர் எழுப்பினார்கள். யன்னல் மட்டத்துக்கு வந்தபோது காவற்காரர் வந்து நிறுத்தினார். அதே வரிசையில் நிர்வாகத்துக்கு வேண்டிய ஒருவருடைய காம்பரா முன்னும் பின்னும் நீண்டு நிற்கிறது. அதற்கு ஒரு கேள்வியும் இல்லை. அனுமதி என்பது சட்டமாக இருந்தால் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். வாய்ச்சொல்லாக இருக்கும் வரை அது தயவு. அந்தத் தயவுக்குப் பின்னால், "நாளைக்கு வேலை நிறுத்தத்துக்குப் போகாதே" என்கிற மிரட்டல் ஒளிந்திருக்கிறது. அலுவலகம் எழுத்தில் பதில் தராததன் காரணம் அதுதான்.

சட்டம் நமக்குத் தந்திருப்பது என்ன என்பதையும் தெரிந்துகொள்வோம். 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புகள் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி, நீதிமன்றக் கட்டளை இல்லாமல் குடியிருப்பிலிருந்து யாரையும் வெளியேற்ற முடியாது. ஆகவே "நாளைக்கே காம்பராவைக் காலி பண்ணு" என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். ஆனால் அந்தச் சட்டம் நாம் குடியிருப்பதைத்தான் காக்கிறது. நாம் கட்டியதை நமதாக்கவில்லை. அந்த இடைவெளிதான் இன்று நமது பிரச்சினை.

நமது காசு, நமக்குக் கிடைக்காத கதை

மாதா மாதம் சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு நமது பங்கு 8 வீதம் கழிகிறது. தொழில் கொள்வோர் 12 வீதம் போட வேண்டும். பத்து வருடம் பங்களித்து, கணக்கில் மூன்று இலட்சம் ரூபாவுக்குக் குறையாமல் இருந்தால், வீட்டுத் தேவைக்கு 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம் என்று ஏற்பாடு இருக்கிறது. நகரத்தில் வேலை செய்பவர் அதை எடுத்து வீட்டுக்கு ஓர் அறை கூட்டுகிறார். நாம் போனால்? காணி உறுதி எங்கே, அனுமதி பெற்ற வரைபடம் எங்கே என்று கேட்பார்கள். உறுதி இல்லாதவனுக்கு அந்தக் கதவு திறக்காது. இருபது, இருபத்தைந்து வருடம் கொழுந்து பறித்துச் சேர்த்த சொந்தக் காசு கொழும்பில் கிடக்கிறது. நாமோ நுண்கடனுக்கு வாரா வாரம் வட்டி கட்டுகிறோம். காணி உறுதி இல்லாததன் விலை இதுதான். வங்கிக் கடனுக்கும் இதே கதை. மின்சார இணைப்புக்கும் நிர்வாகத்தின் கடிதம் வேண்டும் என்று திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன.

1990களுக்குப் பிறகு சுய உதவித் திட்டத்தில் தனி வீடு கட்டியவர்களைக் கேளுங்கள். கடன் கொடுத்தார்கள். மண் வெட்டியது, கல் சுமந்தது எல்லாம் குடும்பம்தான். கடன் மாதா மாதம் சம்பளத்தில் கழிந்தது. கடைசிச் சதம் வரை கட்டி முடித்த பிறகும் உறுதி கைக்கு வராத குடும்பங்கள் பல. "கட்டிக்கொள், பிறகு பார்ப்போம்" என்ற வார்த்தையை நம்பி நாம் இருந்த காலம் போதும்.

"பொறுங்கள், புது வீடு வருகிறது"

இந்தப் பேச்சை நிர்வாகம் மட்டும் பேசவில்லை. மேடையில் ஏறுகிற நமது ஆட்களும் பேசுகிறார்கள். லயத்தில் காசைக் கொட்டாதீர்கள், ஏழு பேர்ச்சஸில் தனி வீடு வருகிறது என்கிறார்கள்.

தனி வீடு வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. லயம் ஒழிய வேண்டும். அதைப் பூசி மெழுகி இன்னொரு நூறு வருடம் வைத்திருக்க நாம் கேட்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். இந்திய உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள். பிறகு 2017 மே 12ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். இரண்டையும் சேர்த்தால் 14,000. வீடு தேவைப்படும் குடும்பங்களோ ஓர் இலட்சத்துக்கு மேல். நோர்வூட்டில் அந்தப் பேச்சைக் கேட்கத் தாயின் இடுப்பில் இருந்து வந்த குழந்தைகள் இன்று பாடசாலைக்குப் போகிறார்கள். அன்று பாடசாலைக்குப் போனவர்களுக்குக் கலியாணமாகிவிட்டது. பிள்ளை வளர்வதைத் திட்டம் வரும்வரை நிறுத்தி வைக்க எந்தத் தாயால் முடியும்?

இன்னொரு பயமுறுத்தலும் லயத்துக்கு லயம் சுற்றுகிறது. "காம்பராவைக் கூட்டிக் கட்டினால் புது வீட்டுப் பட்டியலில் பெயரை வெட்டிவிடுவார்கள்" என்பதே அது. இதற்கு எழுத்தில் ஏதாவது ஆதாரம் உண்டா என்று சொல்கிறவரிடமே கேளுங்கள். பட்டியல் தயாரிப்பவர்களிடம் நாம் கேட்பது இதற்கு எதிரானது. லயத்தில் கூட்டிக் கட்டியவரின் பெயர் பட்டியலில் அப்படியே இருக்க வேண்டும். அவர் போட்ட செலவும் புது வீடு கிடைக்கும்போது கணக்கில் எடுக்கப்பட வேண்டும். அரசாங்கம் ரோடு போட ஒருவருடைய சுவரை உடைத்தால் நட்டஈடு கொடுக்கிறது. நமது சுவர் மட்டும் என்ன காற்றில் வந்ததா?

நிர்வாகம் சொல்வதில் ஒன்று உண்மை

மண்சரிவு பற்றி அவர்கள் சொல்வதை நாம் தள்ளிவிட மாட்டோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை யாரால் மறக்க முடியும்? அங்கே இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கட்டியதால் இறக்கவில்லை. ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கப்பட்ட இடத்தில், தோட்டம் கொடுத்த லயத்தில் குடியிருந்து இறந்தார்கள். மண்சரிவைக் காட்டி நமது சுவரை மட்டும் உடைக்க வருகிறவர்கள், அந்த லயமே பாதுகாப்பான இடத்தில் இருக்கிறதா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கொண்டு பரிசோதித்திருக்கிறார்களா? அந்த அறிக்கையைக் காட்டட்டும். லயம் ஆபத்தில் இருந்தால் எல்லோரையும் வேறு இடத்தில் குடியேற்ற வேண்டும். லயம் பாதுகாப்பானது என்றால் காம்பராவுக்கும் முறைப்படி இடம் காட்ட வேண்டும்.

அதேவேளை நாமும் சிலவற்றில் கண்டிப்பாக இருக்க வேண்டும். இது நமது உயிர், பக்கத்துக் காம்பராக்காரரின் உயிர்.

லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேட்டை அலவாங்கு போட்டுச் செங்குத்தாகச் சரிக்காதீர்கள். இரண்டடி இடம் கிடைக்கும், ஆனால் முதல் அடைமழைக்கு மேடு வீட்டுக்குள் வரும். கானை மூடிக் கட்டாதீர்கள். உங்கள் தரைக்குக் கீழே அடைபட்ட தண்ணீர் அடுத்த வீட்டு அடுப்பில் போய் நிற்கும், அல்லது அத்திவாரத்தைக் கரைக்கும். லயத்துப் பழைய சுவரை உடைத்து வாசல் வைக்கும் முன்னர் பாஸிடம் கேளுங்கள். முழு வரிசையின் கூரை மரமும் அந்தச் சுவர்களில்தான் இருக்கிறது. மின்சார வயரை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொடியைப் போல இழுக்காதீர்கள். ஒரு காம்பராவில் பிடித்த தீ ஒரே கூரை வழியாக வரிசை முழுவதையும் எரித்த செய்திகளை நாம் அடிக்கடி கேட்கிறோம். பாதையும் பொதுப் பீலிக்குப் போகும் வழியும் எல்லோருடையவை. அவற்றை அடைத்துக் கட்டியவருக்காகச் சங்கம் பேச வராது.

வீட்டுக்குள்ளும் ஒரு நியாயம் வேண்டும்

நிர்வாகத்தைக் கேள்வி கேட்கிற நாம் நமது வீட்டையும் கேட்க வேண்டும். கல் சுமந்தது யார்?

அதிகாலை நான்கரைக்கு எழும்பி ரொட்டி சுட்டு, தண்ணீர் பிடித்து, சின்னப் பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, மலைக்குப் போய், கூடை நிறையக் கொழுந்து சுமந்து இறங்கி வந்த பெண்தான் மாலையில் மறுபடியும் தலையில் கல் ஏற்றுகிறாள். கலவைக்குத் தண்ணீர் சுமப்பதும் அவள். பாஸுக்குத் தேத்தண்ணியும் சோறும் கொடுப்பதும் அவள். எட்டு மணிக்கு அடுப்பு மூட்டுவதும் அவளே. ஆண்கள் பலர் பன்னிரண்டு, ஒரு மணிக்கே கொந்தரப்பை முடித்து வந்துவிடுகிறார்கள். அந்தப் பகல் முழுதும் என்ன நடக்கிறது? எல்லோரையும் சொல்லவில்லை. மனைவி வருவதற்குள் மண் வெட்டி, உலையும் வைத்துவிடுகிற தோழர்களை நமக்குத் தெரியும். அவர்களைப் பார்த்துக் கேலி செய்கிறவர்களைத்தான் சொல்கிறோம். சீமெந்துக் காசு சாராயக் கடைக்குப் போன வீடுகளில் அரைச் சுவர் நிற்பதற்குக் கம்பனி காரணமில்லை.

பிள்ளைகள் விஷயம் இன்னும் கவலைக்குரியது. நம்மில் சிலர் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறோம். லொறி வந்து கல் இறக்கிய மறுநாள், எந்த வீட்டில் கட்டட வேலை நடக்கிறது என்று வரவுப் பதிவேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். வகுப்பில் மூத்த பையன் இல்லை, அவனுடைய தங்கையும் இல்லை. தங்கை கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டில். பிள்ளை படிக்க ஒரு காம்பரா வேண்டும் என்று கட்டத் தொடங்கி, அந்தக் காம்பராவுக்காகப் பிள்ளையின் படிப்பை நிறுத்துவது எந்த நியாயம்? சனி, ஞாயிறில் பிள்ளை ஒரு கை கொடுக்கட்டும். பாடசாலை நாளில் ஒரு கல்லும் வேண்டாம்.

வழி இருக்கிறது. பழைய ஆட்கள் வைத்திருந்த வழிதான். இந்த ஞாயிறு உங்கள் வீட்டுக்கு, அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டுக்கு என்று முறை வைத்துக்கொள்வது. ஒரு வரிசையில் பத்துப் பேர் சேர்ந்தால் 250 கல் ஒரு காலை நேரத்தில் லயத்துக்கு வந்துவிடும். சாவு வீட்டுக்கும் திருவிழாவுக்கும் இப்படிச் சேரத் தெரிந்த நமக்கு இதற்கும் தெரியும். தோட்டக் கமிட்டிகள் இதை முன்னின்று ஒழுங்கு செய்ய வேண்டும். கைக்குழந்தை உள்ள தாய்க்கும், கணவன் இல்லாத வீட்டுக்கும் முதல் முறை கொடுக்க வேண்டும்.

என்ன கேட்கிறோம்?

1. காம்பரா கூட்டிக் கட்டக் கேட்டு எழுதும் கடிதத்துக்கு 14 நாட்களுக்குள் எழுத்தில், தமிழில் பதில் வேண்டும். மறுத்தால் காரணம் எழுதப்பட வேண்டும். பதில் இல்லாவிட்டால் அதை அனுமதியாகக் கொள்ள நிர்வாகம் சங்கங்களோடு உடன்பாடு செய்ய வேண்டும்.

2. லயம் இருக்கும் இடத்தின் பாதுகாப்பைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கொண்டு பரிசோதித்து, அறிக்கையை மக்களுக்குக் காட்ட வேண்டும். செலவு நிர்வாகத்துடையது.

3. ஏற்கெனவே கட்டப்பட்ட காம்பராக்களை டிவிசன் வாரியாக அளந்து, குடும்பத்தின் பெயரில் பதிந்து, ஒரு பிரதி குடும்பத்தின் கையில் கொடுக்க வேண்டும். அதுவரை பொலிஸ் முறைப்பாடும் வழக்கும் நிறுத்தப்பட வேண்டும்.

4. புது வீட்டுக்குப் போகும்போது, நாம் கட்டியதன் பெறுமதி கணக்கில் எடுக்கப்பட வேண்டும்.

5. வீட்டோடு காணி உறுதியும் வேண்டும். 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கெனப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவும் திருத்தப்பட்டு, தோட்டத்துக்குள் சபைகள் வேலை செய்ய வழி திறந்தது. சட்டம் வந்தும் கானும் பாதையும் வராதது ஏன் என்று நாம் வாக்களித்த உறுப்பினர்கள் பதில் சொல்ல வேண்டும்.

6. உறுதி கிடைக்கும் வரை, தோட்டப் பதிவை ஆதாரமாக ஏற்று, சேமலாப நிதியின் 30 வீதத்தை வீட்டுத் தேவைக்கு எடுக்கத் தோட்டத் தொழிலாளர்களுக்கு விசேட ஏற்பாடு செய்ய வேண்டும்.

இன்றே செய்ய வேண்டியவை

கோரிக்கையை மேலே அனுப்பிவிட்டுக் கைகட்டி இருந்தால் ஒன்றும் நடக்காது. நமது பக்கத்தில் சாட்சியம் பலமாக இருக்க வேண்டும்.

கட்ட நினைப்பவர்கள் வாயால் கேட்காமல் கடிதம் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் தலைவரிடமோ, பாடசாலையில் நம்மிடமோ வாருங்கள். ஒரு பிரதி நிர்வாகத்துக்கு, ஒன்று சங்கத்துக்கு, ஒன்று கிராம உத்தியோகத்தருக்கு, ஒன்று உங்கள் பெட்டிக்குள். அலுவலகத்தில் கொடுத்ததற்குத் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்து வைக்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

கட்டி முடித்தவர்கள் சீமெந்து, தகரம் வாங்கிய பில்களை எறியாதீர்கள். காம்பராவை உள்ளேயும் வெளியேயும் போனில் படம் எடுத்து வையுங்கள். நீளம், அகலம், கட்டிய வருடம் எழுதி, பக்கத்து வீட்டார் இருவரின் கையெழுத்து வாங்குங்கள். ஒவ்வொரு டிவிசனிலும் தோட்டக் கமிட்டி இவற்றை ஒரு கொப்பியில் பதிந்து வைக்க வேண்டும். மாதர் அணித் தலைவிமார் இதை முன்னின்று செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். யார் எவ்வளவு சுமந்தார் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அப்படிப் பதியும்போது குடும்பத் தலைவன் பெயரை மட்டும் எழுதாதீர்கள். மனைவியின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

நோட்டீஸ் வந்தால் வாசித்து விளங்காத எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்காதீர்கள். "சும்மா ஒரு ஒப்பம்" என்று யார் சொன்னாலும் வேண்டாம். அன்றைக்கே சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். உடைக்க ஆள் வந்தால் நீதிமன்றக் கட்டளையைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வீட்டு வாசலில் ஆள் வந்து நின்றால் முழு வரிசையும் அங்கே நிற்க வேண்டும். எந்தச் சங்கத்துக்குச் சந்தா கொடுக்கிறார் என்று அந்த நேரத்தில் பார்க்காதீர்கள். சுவரில் சங்கத்தின் பெயர் எழுதியிருக்காது.

தோழர்களே, தாய்மார்களே! லயங்களைக் கட்டியவர்கள் நம்மை அளந்த அளவு பத்துக்குப் பன்னிரண்டு. அந்த அளவை மீறி ஒவ்வொரு கல்லாக வெளியே வந்தவர்கள் நாம். அதற்குச் செக்ரோலில் பேர் விழவில்லை. மேலதிகக் கொடுப்பனவு வரவில்லை. ஒரு நன்றியும் வரவில்லை. அவற்றை நாம் கேட்கவும் இல்லை. கட்டியதற்கு உரிமை கேட்கிறோம், அதை எழுத்தில் கேட்கிறோம்.

நாம் சுமந்த கல்லுக்கு நமது பெயர்!
வாய்ச்சொல் வேண்டாம், எழுத்தில் தா!
லயம் ஒழியட்டும், காணி உறுதியோடு வீடு வரட்டும்!